ரத்த வங்கிக்குப் படம் போட்ட கதை

அந்த மருத்துவமனையின் ரத்த வங்கியில் பத்தொன்பது வருடங்களாக வேலை சரியாக நடந்துகொண்டிருந்தது. எப்படி நடக்கிறது என்று மட்டும் எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. இந்த இரண்டு செய்திகளும் ஒரே வாரத்தில் இயக்குநரின் காதுக்குப் போயின. முதல் செய்தியை அவர் பொருட்படுத்தவில்லை. இரண்டாவது செய்தி அவரைச் சாப்பிடவிடவில்லை.

ரத்த வங்கியின் தலைமை டெக்னீஷியனை ஆஸ்பத்திரி முழுக்க 'பேங்க் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது பெரிய டாக்டர்களுக்கும் அவள் அக்காதான். அவளுடைய மாமியார் அக்கம்பக்கத்தில் 'மருமக பேங்குல இருக்கா' என்று சொல்லிவைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமையும் ஏன் வேலைக்குப் போகிறாள் என்று கேட்டவர்களுக்கு, அது ரொம்பப் பெரிய பேங்க் என்று பதில் சொல்லியிருந்தார்.

கீழ்த்தளத்தில் லிஃப்டுக்குப் பக்கத்தில் அவளுடைய அறை. ஆளுயரக் குளிர்பெட்டி ஒன்று, கண்ணாடிக் கதவு போட்டது. ரத்த மாதிரியைச் சுழற்றும் இயந்திரம் ஒன்று. ஜன்னலோரம் மேஜை, இரும்பு முக்காலி. வார்டிலிருந்து சீட்டும் மாதிரியும் வரும். என்ன குரூப் என்று பார்ப்பாள், நோயாளியின் ரத்தத்தோடு பையிலிருக்கும் ரத்தம் ஒத்துப்போகிறதா என்று சோதிப்பாள், பதிவேட்டில் எழுதிக் கொடுத்தனுப்புவாள். முக்கால் மணி நேர வேலை. அந்த முக்கால் மணி நேரம் நோயாளியிடம் இல்லையென்றால், யாருக்கு வேண்டுமானாலும் ஏற்றக்கூடிய ஓ நெகட்டிவ் பைகள் இரண்டு மேல்தட்டில் எப்போதும் தயாராக இருக்கும். முதலில் அவற்றைக் கொடுத்தனுப்பிவிட்டு மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்வாள். எப்போது அப்படிச் செய்ய வேண்டும் என்பது போனில் வரும் குரலை வைத்தே அவளுக்குத் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை காலையில் வரைபட நிபுணர் வந்தார். மருத்துவமனைக்கு ஒரு மென்பொருள் எழுதப்போகிறார்களாம். அதற்கு முன்னால் ஒவ்வொரு பிரிவின் வேலையையும் 'செயல்பாட்டு வரைபடமாக' வரைந்தாக வேண்டுமாம். மேஜையில் பாதியை மறைக்கும் தாளை விரித்து அவர் அக்காவுக்கு விளக்கினார். கறுப்புப் புள்ளியில் வேலை ஆரம்பிக்கும். வளையம் போட்ட கறுப்புப் புள்ளியில் முடியும். நடுவில் மூலை மழுங்கிய கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு செயல். கேள்வி வந்தால் சாய்சதுரம். வேலை இரண்டாக மூன்றாகப் பிரிந்தால் ஒரு தடித்த கோடு. பிரிந்த வேலையெல்லாம் வந்து சேர இன்னொரு தடித்த கோடு. எல்லாம் வந்து சேரும்வரை சேரும் கோட்டைத் தாண்டி எதுவும் போகக்கூடாது. எந்த வேலை யாருடையது என்று காட்ட நெடுக்காகத் தடங்கள். அதற்கு 'நீச்சல் தடம்' என்று பெயர். இந்த ஆஸ்பத்திரியில் தண்ணீர்த் தொட்டி கழுவியே ஒரு வருடமாகிறது என்று அக்கா நினைத்துக்கொண்டாள், சொல்லவில்லை.

"போன் அடிச்சா என்னக்கா பண்ணுவீங்க?" என்று கேட்டார் நிபுணர்.

"எடுப்பேன்."

"எடுக்கிறது ஒரு செயல். ஹலோ சொல்றது அதுலயே வருமா, தனியா?"

வேடிக்கைக்குக் கேட்கிறார் என்று அவள் சிரித்தாள். அவர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். தனியாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். இப்படியே நான்கு நாள் போயிற்று. நாற்பத்து மூன்று கட்டங்கள் ஆயின. அதற்குள் ஆஸ்பத்திரியில் அவருக்குக் 'கட்டம் சார்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

ஐந்தாம் நாள் அவள் ஓ நெகட்டிவ் பைகளைப் பற்றிச் சொன்னாள். பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காவிட்டால் சீட்டு, சோதனை எதற்கும் காத்திருப்பதில்லை, முதலில் ரத்தம், பிறகுதான் எழுத்து என்றாள். கட்டம் சார் பேனாவை மூடினார்.

"அது வேலைமுறை இல்லக்கா. பழக்கம். பழக்கத்துக்கு அம்புக்குறி போட முடியாது."

"போடலைன்னா பொம்பளை செத்துருவாளே."

"அது இந்தப் படத்தோட எல்லைக்குள்ள வராது."

ஆனாலும் அவர் நல்ல மனிதர். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு சாய்சதுரம் சேர்த்தார். அதற்குள் 'அவசரமா?' என்று எழுதினார். 'இல்லை' என்றால் வழக்கமான பாதை. 'ஆம்' என்றால் டாக்டரின் தடத்தில் 'அவசரத்தை உறுதிசெய்' என்றொரு கட்டம். அங்கிருந்து நிர்வாகத்தின் தடத்தில் 'டாக்டரின் உறுதியை உறுதிசெய்' என்றொரு கட்டம். அங்கிருந்து சேரும் கோடு. ஆக, அவசரமான ரத்தத்துக்கு அவசரமில்லாத ரத்தத்தைவிட இரண்டு கட்டங்கள் கூடுதல். அவசரம் என்பது பெரிய விஷயமில்லையா, அதற்குத் தகுந்த கவனம் வேண்டாமா என்றார் அவர்.

படத்தில் கை கழுவுவது விட்டுப்போயிருந்தது. அக்கா அதைச் சுட்டிக்காட்டியபோது இரண்டு வாரம் ஆலோசித்தார்கள். சோதனைக்கு முன்னால் அந்தக் கட்டத்தை நுழைத்தால் இரண்டு அம்புகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. வெட்டினால் படம் பார்க்க நன்றாக இருக்காது. கடைசியில் 'பையைக் கொடு' என்ற கட்டத்துக்குக் கீழே வெற்றிடம் இருந்ததால் 'கை கழுவு' அங்கே குடியேறியது. நடைமுறையில் முன்னாலேயே கழுவிக்கொள்ளுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள் என்று கட்டம் சார் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

படத்தின் திறப்பு விழா பெரிய கூடத்தில் நடந்தது. இயக்குநர் திரையை விலக்க, சுவரின் நீளத்துக்கு அச்சிட்ட வரைபடம் வெளிப்பட்டது. சிலர் எழுந்து நின்றார்கள். இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"இதுவரைக்கும் இங்க உயிர்கள் காப்பாத்தப்பட்டிருக்கு. நான் இல்லைங்கல. ஆனா எப்படிக் காப்பாத்தினோம்ங்கிறதுக்கு நம்மகிட்ட ஆதாரம் இருக்கா? ஆதாரம் இல்லாம பிழைச்சவரை நான் எந்த அறிக்கையில சேர்க்கிறது? இனிமே அந்தக் கவலை இல்ல. ஒருத்தர் பிழைச்சாலும் சரி, பிழைக்காட்டியும் சரி, எந்தக் கட்டத்துலன்னு துல்லியமா சொல்லிடலாம்."

பலத்த கைதட்டல். பிறகு கட்டம் சார் விளக்கம் கொடுத்தார். படத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத டோக்கன் ஒன்று ஒவ்வொரு கட்டமாக நகர்ந்துகொண்டே இருக்கும் என்றார். நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகும் ஸ்ட்ரெச்சர் அண்ணன் பின்வரிசையிலிருந்து எழுந்து, இப்போது எத்தனையாம் நம்பர் ஓடுகிறது என்று கேட்டார். அவரை இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

அடுத்த வாரம் தரையிலும் தடங்கள் வந்தன. கீழ்த்தளத்திலிருந்து பிரசவ வார்டு வரைக்கும் நடைவழியில் வண்ணம் பூசினார்கள். ரத்த வங்கிக்கு நீலம், டாக்டருக்குப் பச்சை, நிர்வாகத்துக்கு மஞ்சள். அவரவர் தடத்தில் அவரவர் நடக்க வேண்டும். பொருளைக் கோட்டின்மேல் கைமாற்ற வேண்டும். படத்தின் அகலத்தில் மூன்று தடங்களுக்குத்தான் இடமிருந்தது. அதனால் ஸ்ட்ரெச்சர் அண்ணனுக்குத் தடம் கிடைக்கவில்லை. அவரைச் சுவரோரமாகப் போகச் சொன்னார்கள். ஸ்ட்ரெச்சரின் அகலத்தைப் பற்றி அவர் ஏதோ சொல்ல வந்தார். அது பயிற்சியிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்று சொல்லிவிட்டார்கள்.

கடைசியாக வந்தது பூட்டு. குளிர்பெட்டியின் கண்ணாடிக் கதவில் மின்பூட்டைப் பொருத்தி அதைக் கணினியோடு இணைத்தார்கள். படத்தில் டோக்கன் சேரும் கோட்டைத் தாண்டினால்தான் கதவு திறக்கும். அன்றைக்கு வீட்டில் காய் நறுக்கிக்கொண்டே அக்கா கணவரிடம் இதைச் சொன்னாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். உலகத்தில் எதைக் கேட்டாலும் லிஃப்டில் கொண்டுபோய் நிறுத்துவார்.

"லிஃப்டுக்குள்ள ஆள் மாட்டிக்கிட்டா கையால திறக்க வெளியில ஒரு சாவி வச்சிருப்போம். அது இல்லாத லிஃப்டை ஓட்டவே விடமாட்டாங்க. உங்க பெட்டிக்கு அந்தச் சாவி எங்க?"

மறுநாள் கூட்டத்தில் அவள் அதையே கேட்டாள்.  இயக்குநர் கனிவாகச் சிரித்தார். கையால் திறக்கலாம் என்று வைத்துவிட்டால் எல்லாரும் கையாலேயே திறப்பார்கள், அப்புறம் இத்தனை பேர் உட்கார்ந்து வரைந்ததற்கு என்ன மரியாதை என்று கேட்டார். கேள்வி நியாயம்தான் என்று நிர்வாக அலுவலர் குறித்துக்கொண்டார். யாருடைய கேள்வி என்று குறிப்பில் இல்லை.

முதல் மூன்று வாரம் எப்படியோ ஓடிற்று. முக்கால் மணி நேர வேலைக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. சாதாரணச் சீட்டுக்கும் கடைசிப் பட்டன் நிர்வாக அலுவலருடையது; அவர் சாப்பிடப் போனால், வரும்வரை திரையில் 'டோக்கனுக்காகக் காத்திருக்கிறது' என்ற எழுத்து மினுங்கிக்கொண்டிருக்கும். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இயக்குநர் அதையும் வரைபடத்தின் சாதனையாக எழுதி மேலே அனுப்பினார்.

நான்காவது வாரம், செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றே கால். பிரசவ வார்டிலிருந்து போன். பேசியது நர்ஸ், பின்னால் டாக்டரம்மாவின் குரல் கேட்டது. அந்த டாக்டரம்மா எதற்கும் குரலை உயர்த்தாதவர். அன்றைக்கு உயர்த்தினார். குழந்தை பிறந்துவிட்டது, ரத்தம் நிற்கவில்லை, ஓ நெகட்டிவ் இரண்டும் உடனே வேண்டும்.

அக்கா கணினியில் 'அவசரமா?' என்பதற்கு 'ஆம்' என்று அழுத்தினாள். டாக்டரின் உறுதிக்காகக் காத்திருப்பதாகத் திரை சொன்னது. அவள் வார்டுக்குப் போன் போட்டு, டாக்டரம்மாவைக் கணினியில் ஒரு பட்டனை அழுத்தச் சொல் என்றாள். டாக்டரம்மாவின் கை பிள்ளைபெற்றவளின் வயிற்றுக்குள் இருக்கிறது, எடுத்தால் உயிர் போய்விடும் என்றாள் நர்ஸ். அக்கா நிர்வாக அலுவலரைத் தேடினாள். அவர் பெரிய கூடத்தில், வரைபடத்தை எப்படிப் படிப்பது என்ற பயிற்சியில் இருந்தார். போனை எடுத்தவர், டாக்டர் அழுத்தினால்தான் எனக்குப் பட்டனே தெரியும் என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். அவள் கட்டம் சாரைக் கூப்பிட்டாள்.

"டாக்டர் கை ஓய்வா இல்லாத நிலைமை வெர்ஷன் ரெண்டுல வருதுக்கா."

"எப்ப வரும்?"

"அடுத்த மார்ச்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேல்தட்டில் இரண்டு பைகளும் தெரிந்தன. லேபிளில் அவளுடைய கையெழுத்தே இருந்தது. பத்தொன்பது வருடத்தில் அவள் ஒரு சோதனைக் குழாயைக்கூட உடைத்ததில்லை. முக்காலியைத் தூக்கினாள். முதல் அடிக்குக் கண்ணாடி கீறல் விட்டது. இரண்டாவது அடிக்கு உடைந்து கொட்டிற்று. கை உள்ளே போகும்போது முழங்கைக்குக் கீழே கிழித்தது. அதை அவள் பிறகுதான் கவனித்தாள். இரண்டு பைகளையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நீலத்தில் ஆரம்பித்துப் பச்சையைக் கடந்து மஞ்சளையும் மிதித்துக்கொண்டு படியேறி ஓடினாள். அவள் கையிலிருந்து சொட்டியது மூன்று தடங்களிலும் விழுந்தது.

அந்தப் பெண் பிழைத்தாள். பெண் குழந்தை. பேக்கரியில் வேலை செய்யும் கணவர், முன்கையெல்லாம் மாவோடு, கேள்விப்பட்டபடியே ஓடிவந்தவர், வார்டு வாசலில் அக்காவின் கட்டுப் போட்ட கையைப் பார்த்ததும் அவளைப் பெஞ்சில் உட்காரவைத்தார்.  தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

வியாழக்கிழமை விசாரணை. மேஜைக்கு அந்தப் பக்கம் இயக்குநர், நிர்வாக அலுவலர், கட்டம் சார். சுவரில் வரைபடம். நோயாளி எப்படி இருக்கிறாள் என்று கேட்பார்கள் என நினைத்து அக்கா பதிலைத் தயார் செய்துகொண்டு போயிருந்தாள். அந்தப் பதில் தேவைப்படவில்லை.

முதலில் டாக்டரம்மாவைக் கேட்டார்கள்.

"அவசரத்தை ஏன் உறுதிசெய்யல?"

"என் கை உள்ள இருந்தது."

"எதுக்குள்ள?"

டாக்டரம்மா சொன்னார். எந்த உறுப்பு, எவ்வளவு ஆழம், எத்தனை நிமிடம் என்று பாடம் நடத்துவதைப் போல நிதானமாகச் சொன்னார். நிர்வாக அலுவலர் முகம் வெளுத்துப்போய் 'கை கிடைக்கவில்லை' என்று எழுதிக்கொண்டார்.

அடுத்து அக்கா. சுவரோரம் போய், கண்ணாடியை உடைத்தபோது எந்தக் கட்டத்தில் இருந்தாள் என்று படத்தில் விரல் வைத்துக் காட்டச் சொன்னார்கள். அவள் தேடினாள். 'ஹலோ சொல்' இருந்தது, 'கை கழுவு' இருந்தது, 'முத்திரை குத்து' இரண்டு இடத்தில் இருந்தது. தேடத் தேடத் தான் ஏதோ ஒரு கட்டத்தில் இருந்திருக்கத்தான் வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றியது. கடைசியில் கையை எடுத்துவிட்டு, இதில் இல்லை சார் என்று சொல்லி டாக்டரம்மாவுக்குப் பக்கத்து நாற்காலிக்குத் திரும்பினாள்.

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

"அப்ப இதுல ஒரு பிரச்சினையும் இல்ல. மூணு கலரையும் மிதிச்சிருக்கீங்க, உண்மையில உங்களை நான் சஸ்பெண்ட் பண்ணணும். ஆனா படத்துல இல்லாத செயலுக்கு எப்படித் தண்டனை குடுக்கிறது? குடுத்தா அப்படி ஒரு செயல் நடந்துச்சுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அது நடக்கல. கண்ணாடி தானா உடைஞ்சிருக்கு. தானா உடையற கண்ணாடியை அங்க வைக்கக்கூடாது."

குளிர்பெட்டிக்கு இரும்புக் கதவு போட உத்தரவானது. அக்கா வாயைத் திறந்தாள். டாக்டரம்மா மேஜைக்குக் கீழே அவள் கையைப் பிடித்து அழுத்தினார்.

கண்ணாடியோடு விஷயம் நிற்கவில்லை. ரத்தம் கொடுக்கப்படவில்லை என்று தீர்மானமாகிவிட்டதால், கணினியின் கணக்குப்படி இரண்டு ஓ நெகட்டிவ் பைகளும் பெட்டியிலேயே இருந்தன. அந்தப் பெண்ணின் டோக்கன் சேரும் கோட்டுக்கு முன்னால் இன்னும் நின்றுகொண்டிருந்தது. எட்டாம் நாள் அவளை வீட்டுக்கு அனுப்ப டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். கணினி மறுத்தது. நோயாளி ரத்தத்துக்காகக் காத்திருக்கிறார், அவசரம் என்றது.

பேக்கரிக்காரர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். ரத்தம் ஏற்றியாகிவிட்டது, அதனால்தான் பிழைத்தாள் என்று அவர் சொன்ன இடத்திலெல்லாம், அப்படியெல்லாம் சொல்லாதீர்கள், வழக்காகிவிடும் என்று பயமுறுத்தினார்கள். மூன்றாவது நாள் நிர்வாக அலுவலரே ஒரு யோசனை சொன்னார். இப்போது இரண்டு பை ரத்தத்தை முறைப்படி மேலே அனுப்பிவிட்டால் டோக்கன் நகர்ந்துவிடும். ஏற்றத் தேவையில்லை, கட்டில் பக்கத்தில் அரைமணி நேரம் வைத்துவிட்டுக் குப்பையில் போட்டுவிடலாம்.

முறைப்படி அனுப்ப வேண்டிய பைகளைப் போராடி வாங்கி வந்தவள் அக்கா. வேறொரு ஊர் ரத்த வங்கியில் கெஞ்சி, இரண்டு பஸ் மாறி, ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். குளிரிலிருந்து எடுத்து அரைமணி நேரம் வெளியே வைத்த ரத்தத்தைப் பிறகு யாருக்கும் ஏற்ற முடியாது. யாரோ ஒருவர் வேலைக்கு நடுவில் வந்து கையை நீட்டிப் படுத்துக் கொடுத்தது. அதைக் கட்டில் பக்கத்தில் வைத்துக் கெடவிட்டால்தான் ஒரு பிள்ளைபெற்றவள் வீட்டுக்குப் போக முடியும் என்கிறார்கள். அவள் பிரசவ வார்டுக்கு ஏறிப்போய், மருந்து அறை வாசலில் நின்று டாக்டரம்மாவிடம் தன்னால் முடியாது என்றாள். வேலையை விட்டுவிடுவதாகவும் சொன்னாள்.  

டாக்டரம்மா மருந்து அறைக்குள் இருந்த சின்னக் குளிர்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி மருந்து வைக்கும் பெட்டி.

"படத்துல இந்த அறை இருக்கா அக்கா?"

"இல்லம்மா. பிரசவ வார்டுங்கிறது ஒரு அம்புதான்."

"இதுல எத்தனை டிகிரி நிக்குது?"

அக்கா தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தாள். மணிக்கொரு தடவை பார்த்தாள். இரண்டு நாள் பார்த்தாள். ரத்தத்துக்கு இரண்டுக்கும் ஆறுக்கும் நடுவில் இருக்க வேண்டும். நாலிலேயே அசையாமல் நின்றது.

மூன்றாம் நாள் காலையில் எல்லாம் முறைப்படி நடந்தது. டாக்டரம்மா கணினியில் அவசரத்தை உறுதிசெய்தார். நிர்வாக அலுவலர் அந்த உறுதியை உறுதிசெய்தார். கீழே பூட்டு கிளிக்கென்று திறந்தது. எந்தப் பை என்று எண்ணைக் கேட்கும் கட்டம் வெர்ஷன் மூன்றில்தான் வரவிருந்தது. கணினியில் இரண்டு பை, பெட்டியிலும் இரண்டு பை. கணினியும் உலகமும் ஒத்துப்போன இடம் அது ஒன்றுதான். அக்கா இரண்டையும் ஐஸ் பெட்டியில் வைத்து, நீலத்தில் மட்டும் நடந்து, கோட்டின்மேல் நர்ஸிடம் கைமாற்றினாள். பைகள் நேராகச் சின்னக் குளிர்பெட்டிக்குப் போயின. டாக்டரம்மா ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, பை எண், டிகிரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் அக்காவும் போட்டாள். திரையில் டோக்கன் வளையத்துக்குள் போய் விழுந்தது. பத்து நிமிடத்தில் பேக்கரிக்காரர் மனைவியையும் குழந்தையையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். போகும்போது அக்காவின் கையில் ஒரு பன் பொட்டலத்தைத் திணித்தார். அது இன்னும் சூடாக இருந்தது.

ஒரு வேலை முழுமையாக முடிந்ததற்கு இதுவே முதல் உதாரணம் என்று இயக்குநர் அறிக்கை எழுதினார்.

அதன் பிறகு பிரசவ வார்டில் எது நடந்தாலும் கை மருந்து அறைக்குத்தான் போனது. எடுத்த பைக்குப் பதிலாக மறுநாள் அவசரமே இல்லாத ஒரு சாதாரணச் சீட்டு கீழே வரும், அதற்குப் போகும் பை சின்னப் பெட்டியை நிரப்பும். அறுவைப் பிரிவு டாக்டர் ஒருவர் இதை மோப்பம் பிடித்து, தன் பிரிவிலும் ஒரு பெட்டிக்கு இடம் பார்த்தார். நோட்டுப் புத்தகங்கள் இரண்டாயின. கணினியில் 'ஆம்' என்று யாரும் அழுத்துவதில்லை. அழுத்தினால் இரண்டு கட்டங்கள் கூடுதல் என்பது ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்துவிட்டது. இரும்புக் கதவு பளபளவென்று மூடியே கிடந்தது. அக்கா தினமும் இரண்டு வேளை தெர்மாமீட்டர் பார்க்க மேலே போய்வந்தாள். எப்போதாவது கட்டம் சார் எதிரே வந்தால், கைக்குக் கிடைத்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கடந்துவிடுவாள். மாட்டிக்கொண்டால் தன்னோடு எத்தனை பேர் மாட்டுவார்கள் என்ற பயம் அவளை விடவேயில்லை. கணவரிடம் மட்டும் சொன்னாள். சாவி வெளியே வந்துவிட்டது, நல்லது என்றார் அவர்.

எட்டு மாதம் கழித்து வரைபடத்துக்கு விருது கிடைத்தது. பெரிய கூடத்தில் பகல் விழா. வெளியூர்களிலிருந்து இருபது மருத்துவமனைகளின் இயக்குநர்கள் வந்திருந்தார்கள். ஊழியர்கள் கட்டாயம் வர வேண்டும் என்று சுற்றறிக்கை. அக்கா கடைசி வரிசையில், நிர்வாக அலுவலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இயக்குநர் புதுச் சட்டையில் மேடையேறினார்.

"வெர்ஷன் ரெண்டு வெளியாகி இத்தனை மாசத்துல, 'அவசரமா?'ங்கிற கேள்விக்கு இந்த ஆஸ்பத்திரியில ஒரு தடவைகூட 'ஆம்'னு பதில் வரல. ஒரு தடவைகூட. மருந்தால முடியாதது, டாக்டரால முடியாதது. நாங்க அவசரத்தையே ஒழிச்சிருக்கோம்."

கூடம் அதிர்ந்தது. வெளியூர் இயக்குநர்கள் குறிப்பெடுத்தார்கள். ஒருவர், இதை எங்களுக்கும் வரைந்து கொடுப்பீர்களா என்று இருந்த இடத்திலிருந்தே கேட்டார். கட்டம் சார் எழுந்து நின்று வணங்கினார்.

அக்காவின் மடியில் போன் அதிர்ந்தது. டாக்டரம்மாவின் செய்தி: 'ரெண்டும் ஏறிட்டிருக்கு. நிக்கல. சாம்பிள் கீழ அனுப்பிட்டேன். சோதிச்சு நாலு குடுங்க.'

நாலு பை இரும்புக் கதவுக்குப் பின்னால் இருந்தது. கதவு திறக்க ஒரு பட்டன் அழுத்த வேண்டும். அதை அழுத்த வேண்டியவர் பக்கத்து நாற்காலியில் கை தட்டிக்கொண்டிருந்தார். அக்கா அவருடைய சட்டைக் கையைப் பிடித்து எழுப்பினாள். அவர் மேடையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், மறுபேச்சில்லாமல் கூடவே வாசலுக்கு வந்தார். எட்டு மாதத்தில் அவரும் கொஞ்சம் கற்றிருந்தார். நடைவழிக்கு வந்ததும், கடமைக்காக, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அவசரமா?"

"இல்ல சார். சாதாரணம்தான்," என்றாள் அக்கா. "ஓடி வாங்க."